பச்சை கேட்

16.11.1997, ஞாயிறு

சுண்டு,

நீ போய் இன்னியோட ஆறு ஞாயிறு ஆச்சு. நான் உன் ரூம்லதான் இருக்கேன். தகரக் கூரை, ஒரு ஜன்னல், கதவுக்குப் பின்னாடி நீ அடிச்ச மூணு ஆணி. ஒரு ஆணியில நீ புடவைக்கு மேல போட்டுக்கற ஆம்பளைச் சட்டை தொங்குது. இப்போ அதை நான் போட்டுக்கறேன். சி பிளாக் மூணாவது மாடியில நீ விட்ட இடத்துலேர்ந்து நான் சுரண்டிக்கிட்டு வரேன். சூப்பர்வைசர் ஒண்ணும் பெரிசா கேட்கலை. "தங்கச்சி இடத்துல அக்காவா, சரி"ன்னு பிளேடை எடுத்துக் குடுத்துட்டார்.

உன் பெட்டியை நேத்துதான் திறந்தேன். நான் போட்ட கடிதாசி எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு வைச்சிருந்தே. நீ போட்டதை நான் பையில எடுத்துக்கிட்டு வந்திருந்தேன். ரெண்டையும் தரையில பரப்பி தேதிப்படி அடுக்கினேன். ரெண்டு பேர் சண்டையும் ஒரு முறத்துல அடங்கிப் போச்சு.

எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியும். அஞ்சாங் கிளாஸோட நின்னவ. இப்போ எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. போன வியாழக்கிழமை உன் வாட்ச்மேன் விசில்காரர் ஒரு விஷயம் சொன்னார். அதை எடுத்ததுமே எழுதினா மேல எழுத ஓடாது. அதனால வரிசையா வரேன். ஒண்ணை மட்டும் இப்பவே சொல்லிடறேன். ஜூன் பதினைஞ்சாம் தேதி நான் வந்தேன். வரலைன்னு எழுதினது பொய்.

இனி உன்னோடது, என்னோடது, அடுக்கின வரிசையில. என்னோடதுல எழுத்து மேல விட்டுப் போன புள்ளியை எல்லாம் இப்போ வைச்சுட்டேன்.

12.2.1997

அக்கா,

பதினாலு மாசம் கழிச்சு எழுதறேன். கிழிச்சுப் போடறதா இருந்தா படிச்சுட்டுக் கிழி.

"ஒண்ணு புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போ, இல்லைன்னா என் வாசப்படி ஏறாதே"ன்னு சொன்னே. ரெண்டுல ஒண்ணைச் செஞ்சுட்டேன். உன் வாசப்படி ஏறலை.

நான் இருக்கறது சிட்டிக்கு வெளியே புதுசா முளைச்சுக்கிட்டு இருக்கற ஊர். நான் வந்தப்போ ஒரு பஸ்தான். இப்போ அஞ்சு. காலையில காலியா இருந்த மனையில சாயங்காலம் கம்பி நிக்குது. தெருவுக்குப் பேரு வைக்க யாருக்கும் நேரம் இல்லை, நம்பர்தான். கடைக்குப் போன மாசம் போன வழியில இந்த மாசம் போக முடியாது, நடுவுல யாரோ வீடு கட்டியிருப்பாங்க.

வேலை கிடைச்சிருக்கு. புது வீடு கழுவற வேலை. சிரிக்காதே. கட்டி முடிச்ச வீட்டுல சிமெண்டும் பெயிண்ட்டும் தரையெல்லாம் சொட்டிக் காஞ்சிருக்கும். ஆசிட் ஊத்தி ஊறவிட்டு, பிளேடால சுரண்டி, டைல்ஸை முகம் பார்க்கற மாதிரி ஆக்கணும். சொந்தக்காரங்க சாவி வாங்க வரும்போது அந்த வீட்டுல யாரும் வேலையே செய்யாத மாதிரி இருக்கணும், அதுதான் வேலை. இன்னொண்ணு தெரியுமா, எந்த வீடா இருந்தாலும் அதுல முதல்ல படுத்துத் தூங்கறது நான்தான். மதியம் அரை மணி. இதுவரைக்கும் நாற்பது வீட்டுல தூங்கியாச்சு. எந்த மகாராணிக்கு இருக்கு அவ்வளவு பெட்ரூம்?

இங்கே யாருக்கும் பேரு கிடையாது. எல்லாரும் அக்கா, எல்லாரும் அண்ணன். வாட்ச்மேனுக்கு அறுபது வயசு, அவரே என்னை அக்காங்கறார். (விசில் ஊதறதைத் தவிர வேற வேலை தெரியாது, அதனால அவர் விசில்காரர்.) பொறந்ததுலேர்ந்து தங்கச்சியா இருந்தவ ஒரு பஸ் ஏறி இறங்கினதும் ஊருக்கே அக்காவாயிட்டேன். உன் பதவியைப் பிடுங்கிக்கிட்டேன்னு கோவிச்சுக்காதே.

கவர் மேல இருக்கறது கம்பெனி ஆபீஸ் விலாசம். அங்கே போட்டா எனக்கு வந்துடும். போடணும்னு கட்டாயம் இல்லை.

சுண்டு

3.3.1997

கடிதாசி வந்தது. கிழிக்கலை.

நான் நல்லா இருக்கேன். லாண்டரியில வேலை போய்க்கிட்டு இருக்கு. இப்போ என்னை மடிக்கற மேஜைக்கு மாத்திட்டாங்க. நின்னுக்கிட்டே வேலை, ஆனா ஈரம் இல்லை. உங்க மாமா போட்டோவுக்குக் கண்ணாடி மாத்தினேன்.

உன் வீட்டுக்காரர் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டார். உனக்குத் தெரியுமோ என்னவோ, சொல்றது என் கடமை. அன்னிக்கு நான் சொன்னதுல தப்பு இருக்கறதா எனக்குத் தோணலை. ஒரு வீடுன்னா நாலும் இருக்கும்.

ஆசிட்ல வெறுங்கையை வைக்கறியா? கையுறை குடுக்கலையா?

இப்படிக்கு
பழைய அக்கா

21.3.1997

பழைய அக்காவுக்குப் புது அக்கா எழுதறது.

உன் எழுத்துல புள்ளியே இல்லை. ஒவ்வொரு வரியையும் மூச்சுப் பிடிச்சுப் படிக்க வேண்டியிருக்கு. "கண்ணாடி"யைக் "கணணாடி"ன்னு எழுதியிருக்கே, மாமா எந்தக் கண்ணால பார்க்கறாரோ.

கையுறை குடுத்தாங்க. ஆம்பளைக் கை அளவு. போட்டுக்கிட்டா பிளேடு நழுவுது, அதனால சட்டைப் பையில பத்திரமா இருக்கு. இருமல் கொஞ்சம் உண்டு, அது எல்லாருக்கும் உண்டு. ஜன்னலைத் திறந்து வைச்சுக்கிட்டு ஊத்தணும்னு சூப்பர்வைசர் சொல்றார். திறந்தா ரோட்டுப் புழுதி உள்ளே வருது, மறுபடி முதல்லேர்ந்து கழுவணும். நீயா இருந்தா என்ன செய்வே?

அவர் கல்யாணம் பண்ணிக்கிட்டதைக் கேட்டு எனக்கு ஒண்ணும் ஆகலை. அந்தப் பொண்ணுக்குப் பல்லாவது மிஞ்சட்டும்.

இங்கே இன்னும் ரெண்டு கட்டடம் எழும்புது. ஆளுக்கு அலையறாங்க. சும்மா தெரிஞ்சு வைச்சுக்கோன்னு சொல்றேன்.

சுண்டு

10.5.1997

சுண்டுக்கு,

பல்லுன்னு எழுதியிருந்தே. குழாயடியில வழுக்கி விழுந்தேன்னுதானே என்கிட்ட சொன்னே. நானும் பார்த்து நடக்க மாட்டியான்னு திட்டினேன். ஒண்ணரை மாசமா அந்த ஒரு வரியைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். இதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியலை.

லாண்டரியில மெஷின் வந்துடுச்சு. துவைக்குது, பிழியுது, காய வைக்குது. மடிக்காதுன்னு நினைச்சோம், மடிக்கறதுக்கும் ஒண்ணு வந்துடுச்சு. ஒன்பது பேரை நிறுத்திட்டாங்க.

உன் ஊர்ல ஆளுக்கு அலையறாங்கன்னு எழுதியிருந்தே. இங்கே ஒருத்தங்க கேட்டாங்க. வயசு நாற்பத்தாறு, முட்டி வலி எல்லாம் கிடையாது, நின்னு செய்யற வேலை பழக்கம். எடுப்பாங்களான்னு விசாரிச்சுச் சொல்லு.

அக்கா

(புள்ளி எல்லாம் வைச்சிருக்கேன், பார்த்துக்கோ.)

25.5.1997

அக்கா,

புள்ளி பார்த்தேன். தேவையில்லாத இடத்துல ஏழெட்டு இருக்கு, அதை அடுத்த கடிதாசிக்கு வைச்சுக்கறேன்.

அந்த "ஒருத்தங்க"ளுக்கு வேலை சொல்லி வைச்சாச்சு. முட்டி வலி இல்லைன்னா முட்டி போட்டுச் செய்யற வேலைக்குத் தோதுன்னு சூப்பர்வைசர் சொல்றார். ஜூன் பதினைஞ்சு ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. அன்னிக்கு எனக்கு லீவு. பத்து மணி பஸ்ஸில வரட்டும். வழி சொல்றேன், அவங்களுக்குப் படிச்சுக் காட்டு.

பஸ் கடைசி ஸ்டாப்ல இறங்கணும். இறங்கினா தண்ணி டேங்க் தெரியும். அதை இடது கையில விட்டுட்டு நேரா நடந்தா பெரிய காலி மனை, செங்கல் அடுக்கியிருப்பாங்க. அதைத் தாண்டினா ஒரே அச்சுல நாலு கட்டடம். கட்டடத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பச்சை கேட்டைப் பார்த்து வரட்டும். இந்த ஊர்லயே பச்சை கேட் அது ஒண்ணுதான். நான் அங்கேதான் நிப்பேன். கம்பெனி ஆபீஸ் வேற பக்கம், ஞாயித்துக்கிழமை பூட்டு, அங்கே போக வேண்டாம்.

அவங்களுக்கு ஒரு பாய் வாங்கி வைச்சுட்டேன். அவங்க குறட்டை விடுவாங்கன்னு எனக்குத் தெரியும்னும் சொல்லு.

பல்லு விஷயம் விடு. ரெண்டுதான்.

சுண்டு

22.6.1997

சுண்டுக்கு,

அந்த அம்மா வரலை. நானும் வரலை. அன்னிக்கு இங்கே வேலை இருந்தது, கிளம்ப முடியலை. நீ ரொம்பக் காத்திருக்க மாட்டேன்னு நினைக்கறேன். உனக்கும் நூறு சோலி இருக்கும்.

இங்கேயே பாத்திரக் கடையில பெருக்க ஆள் கேட்டாங்க, சேர்ந்துட்டேன்.

அக்கா

3.7.1997

அக்கா,

கடிதாசி கிடைச்சது. நானும் அன்னிக்குக் கேட்டுக்குப் போகலை. ஒரு வீட்டுக்குச் சாவி குடுக்கற நாள்னு அவசரமாக் கூப்பிட்டாங்க, மாடியிலேயே இருந்துட்டேன். நல்லதாப் போச்சு, ரெண்டு பேருக்கும் அலைச்சல் மிச்சம்.

பாத்திரக் கடை நல்லதுதான். நிழல்.

இங்கே புதுசா சொல்ல ஒண்ணும் இல்லை. எல்லாரும் எல்லாரையும் அக்கா அக்காங்கறாங்க. கூப்பிட்டா யாரும் திரும்பறதில்லை.

சுண்டு

20.8.1997

சுண்டுக்கு,

ஒண்ணரை மாசமா உன்கிட்டேர்ந்து ஒண்ணும் இல்லை. நானும் போடலை. இருமல் எப்படி இருக்கு. பாத்திரக் கடை முதலாளி நான் துடைச்ச குடத்தை மறுபடி ஒரு தடவை தானே துடைச்சு வைக்கறார். அவர் பழக்கம் அப்படி.

நேர்ல வந்தா பேசலாம்னு ஒரு விஷயம் இருக்கு. எழுத வரலை.

அக்கா

14.9.1997

அக்கா,

பேசலாம், வா. தேதி எல்லாம் குறிக்க வேண்டாம், என்னிக்குத் தோணுதோ அன்னிக்கு வா. குறிச்சா நமக்கு ஒத்து வரலை.

இருமல் இருக்கு. ஏப்ரல் மாசத்துலேர்ந்தே குரல் கட்டிப் போய்க் கிடக்கு, ஆசிட் வாடைதான். நாலாவது மாடிப் பொண்ணு கதவுக்கு அந்தப் பக்கம் என் சத்தத்தைக் கேட்டு "பெயிண்டர் அண்ணே, நாளைக்கு வாங்க"ன்னு சொல்லிடுச்சு. நீ என்னைக் கீச்சுக் குருவின்னு திட்டுவியே, இப்போ கேட்டா அடையாளம் தெரியாது.

சூப்பர்வைசர் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். இந்த பிளாக் முடிஞ்சதும் போகணும். இன்னும் மூணு வீடுதான்.

பாய் அப்படியே சுருட்டி வைச்சிருக்கேன். ஒரு மூலையில எலி கடிச்சிருக்கு, படுத்தா தெரியாது.

சுண்டு

16.11.1997, சாயங்காலம்

சுண்டு,

நடுவுல எழுந்து போய்த் தண்ணி பிடிச்சுட்டு வந்தேன். இங்கே நாலரைக்குத்தான் விடறாங்க, உனக்குத் தெரியாததா.

இப்போ அந்த ஞாயித்துக்கிழமையைச் சொல்றேன்.

பத்து மணி பஸ்ஸிலதான் வந்தேன். எதிர் வீட்டு டீச்சர்கிட்ட ஊதாப் புடவை ஒண்ணு கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தேன். வேலை கேட்டு வரவ மாதிரி இருக்கக் கூடாது, உன்னைப் பார்க்க வந்தவ மாதிரி இருக்கணும்னு. கடைசி ஸ்டாப்ல இறங்கினேன். தண்ணி டேங்க் இருந்தது. காலி மனை இல்லை. செங்கல்லும் இல்லை, அது எல்லாம் சுவராகி நின்னுது. ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தார். பச்சை கேட் எங்கேன்னு கேட்டேன். தூரத்துல தெரிஞ்ச ஒரு கறுப்பு கேட்டைக் காட்டினார். பாவம், கண்ணு சரியில்லாத மனுஷன்னு நினைச்சு, நன்றி சொல்லிட்டு வேற பக்கம் நடந்தேன்.

சுத்திப் போனா பின் ரோட்டுல பச்சை கேட் இருந்தது. நல்ல இலைப் பச்சை. பூட்டியிருந்தது. இந்த ஊர்ல அது ஒண்ணுதான்னு நீ எழுதியிருந்தே, அதனால அங்கேயே நின்னேன். மணல் குவியல் மேல உட்கார்ந்தேன். ஒரு மணி, ரெண்டு மணி, மூணு மணி. யாரும் வரலை. கொண்டு வந்த பன்னை ஒண்ணு நான் தின்னேன், ஒண்ணை உனக்குன்னு வைச்சிருந்தேன். அப்புறம் அதையும் தின்னுட்டேன். வாசப்படி ஏறாதேன்னு சொன்னவளை வரவழைச்சு, பூட்டின கேட்டுக்கு முன்னாடி உட்கார வைச்சுட்டா பாருன்னு நினைச்சேன். நீ வேணும்னே இப்படிச் செஞ்சேன்னு நினைச்சேன், சுண்டு. எனக்கு அது வேணும்தான்னும் நினைச்சேன். ஆனா அதை உன்கிட்ட ஒத்துக்க மனசு வரலை. அதனாலதான் வரலைன்னு எழுதினேன்.

விசில்காரர் சொன்னது இதுதான். ஒரு பெயிண்டர் புதுசா சேர வர்றதா இருந்தான். விசில்காரர் அவனுக்கு கேட் ரூம் போன்ல வழி சொல்லிக்கிட்டு இருந்தார், "பச்சை கேட்டுக்கு வந்துடு". நான் பக்கத்துல பக்கெட்டோட நின்னுக்கிட்டு இருந்தேன். அவர் உட்கார்ந்திருந்தது கறுப்பு கேட்டுல.

"இது கறுப்புதானே, ஏன் பச்சைங்கறீங்க?"

"பச்சையாத்தான் இருந்தது. ஜூன் மாசம் ஆரம்பத்துல கழட்டிப் பின்னாடி மாட்டிட்டாங்க, லாரி வர்ற பக்கம். இது புதுசு. வாய் பழகிப் போச்சு, இன்னும் பச்சை கேட்டுதான். கறுப்புன்னு சொன்னா இங்கே ஒருத்தருக்கும் புரியாது."

அப்புறம் அவரே சொன்னார். "உங்க தங்கச்சி இங்கே ஒரு நாள் முழுக்க நின்னாங்க. ஜூன்ல. ஞாயித்துக்கிழமை. 'யாரு வர்றாங்க, இப்படிக் கால் கடுக்க நிக்கறீங்க'ன்னு கேட்டேன். 'எங்க வீட்டு மாமியார்'னு சொல்லிச் சிரிச்சாங்க. மூணு தடவை பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ட்டு வந்தாங்க. ஸ்டூல் குடுத்தேன், உட்காரலை. உட்கார்ந்தா சுவர் மறைக்குதாம்."

நாலு கட்டடத்துக்கு முன்னாடி நீ. நாலு கட்டடத்துக்குப் பின்னாடி நான். நேத்து நடந்து பார்த்தேன். இருநூத்திப் பத்து அடி வைச்சேன், வந்துடுச்சு.

இதோட அவர் நிறுத்தியிருக்கலாம். நல்ல மனுஷன், எனக்கு ஆறுதலா இருக்கும்னு மேல சொன்னார். "சாயங்காலம் நாலு மணி இருக்கும். ரோட்டுல யாரோ ஒரு பொம்பளை பஸ்ஸுக்குப் போய்க்கிட்டு இருந்தாங்க. உங்க தங்கச்சி திடீர்னு அக்கா, அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு ஓடினாங்க. அந்தத் தொண்டையில எங்கே சத்தம் வருது? கல் அறுக்கற மெஷின் வேற ஓடுது. அந்த அம்மா திரும்பவே இல்லை, பஸ் ஏறிட்டாங்க. இவங்க இருமிக்கிட்டே திரும்பி வந்தாங்க. யாருன்னு கேட்டேன். 'தெரியலை, ஆள் மாறிப் போச்சு'ன்னாங்க."

அந்த அம்மா என்ன புடவைன்னு கேட்டேன். ஊதாவோ என்னவோன்னார்.

எனக்குக் கேட்டது, சுண்டு. அக்கான்னு ரெண்டு தடவை கேட்டது. காலையிலேர்ந்து அந்த ஊர்ல என்னை அக்கான்னு கூப்பிடாதவங்க கிடையாது. டீக்கடைக்காரர் "அக்கா, தள்ளி நில்லுங்க". லாரிக்காரன் "அக்கா, மணல் மேலேர்ந்து எழுந்திருங்க". இன்னொரு அக்கான்னு விட்டுட்டேன். கரகரன்னு ஒரு குரல், ஆம்பளையோ பொம்பளையோன்னு இருந்தது. என் தங்கச்சிக்குக் கீச்சுக் குரல். அதை எங்கே இருந்தாலும் கண்டுபிடிச்சுடுவேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தவ நான்.

நீ ஜூலையில எழுதினதை இப்போதான் ஒழுங்காப் படிக்கறேன். கூப்பிட்டா யாரும் திரும்பறதில்லைன்னு எழுதியிருக்கே. நீ ஊரைச் சொல்றேன்னு நினைச்சு மடிச்சு வைச்சுட்டேன்.

தந்தி வந்து நான் வந்து சேர்ந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது. நெஞ்சு முழுக்க சளி கட்டியிருந்ததுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அன்னிக்கும் பஸ்ஸிலேர்ந்து இறங்கி அந்தப் பின் ரோட்டுக்குத்தான் போனேன். அங்கேர்ந்து யாரோ கையைப் பிடிச்சு முன் பக்கம் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அப்பவும் எனக்குப் புரியலை.

நீ பாக்கி வைச்ச மூணு வீட்டையும் முடிச்சுட்டேன். ஜன்னலைத் திறந்து வைச்சுத்தான் ஊத்தறேன். புழுதி வந்தா மறுபடி கழுவறேன். நீ கேட்டிருந்தியே, நானா இருந்தா என்ன செய்வேன்னு. இதைத்தான் செய்வேன். கையுறையை நடுவுல மடிச்சுத் தைச்சுச் சின்னதாக்கிட்டேன், இப்போ பிளேடு நழுவலை. மதியம் அரை மணி படுக்கறேன், எலி கடிச்ச பாயை எடுத்துக்கிட்டுப் போய். தூக்கம் வர்றதில்லை. புது வீட்டு மேல்கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கேன்.

இங்கே எல்லாரும் என்னை அக்காங்கறாங்க. யார் கூப்பிட்டாலும் திரும்பிடறேன். என்னை இல்லைன்னாலும் திரும்பறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிட்டாக்கூட நின்னு பார்த்துட்டுத்தான் போறேன். "உங்களை இல்லக்கா, போங்க"ன்னு சொல்லிச் சிரிக்கறாங்க. அப்பவும் அக்கான்னுதான் சொல்றாங்க.

நான் வரவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு நீ போயிருந்தா, அதை என்னால தாங்கிக்க முடியும். அது நான் எழுதின பொய், என் கையால வந்தது. ஆனா என் நடை உனக்குத் தெரியும். இருட்டுல செருப்புச் சத்தத்தை வைச்சே அக்கா வரான்னு சொல்றவ நீ. ஊதாப் புடவை கட்டினா நடை மாறிடுமா?

விசில்காரர்கிட்ட ஆள் மாறிப் போச்சுன்னு சொன்னியே, சுண்டு, அது அவருக்குச் சொன்ன பதிலா, இல்லை நீ நெசமாவே அப்படித்தான் நினைச்சியா?